ரெண்டு கார்டு போடும் கேமரா

எங்கள் வீட்டில் புது கேமரா பாடி வாங்கும் பேச்சு நாலு வருஷம் ஓடியது. பாடி என்றால், லென்ஸைக் கழற்றிவிட்டால் மிச்சம் நிற்கும் கேமரா. லென்ஸ் வருஷக்கணக்கில் உழைக்கும். பாடியை எப்போது மாற்றுவது என்றுதான் தொழிலில் இருக்கிற எல்லோரும் மண்டையைப் பிய்த்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் அந்த மண்டை என் வீட்டுக்காரருடையது. தென்காசியில் கேமரா பிடித்துப் பிழைக்கிறவள் நான். அவர் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர். ஆனால் சாயங்காலம் யூனிஃபார்மைக் கழற்றி மாட்டின கையோடு யூடியூபைத் திறந்துவிடுவார். எவனோ ஒருவன் எந்த ஊரிலோ புதுப் பாடியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருப்பான்.

"ஏளா, இதுல ஒரு செகண்டுக்கு முப்பது படம் எடுக்கலாமாம்."

"எடுத்து? யாரு உக்காந்து பாக்கது? நீங்க பாக்கியளா?"

"இருட்டுல கூட பளிச்சுன்னு விழுமாம்."

"இருட்டுல யாரு கல்யாணம் வைக்காவ?"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனாலும் நான் சொன்னதில் தப்பில்லை. என் பழைய கேமரா நன்றாகத்தான் இருந்தது. நன்றாக என்றால், கைப்பிடி ரப்பர் குற்றாலத்துச் சாரலில் ஊறி உரிந்துவிட்டது. சைக்கிள் பஞ்சர் கடையில் சொல்யூஷன் வாங்கி ஒட்டியிருந்தேன். பேட்டரி மூடி நிற்காது. அதற்கு ஒரு ரப்பர் பேண்ட். மேலே இருக்கும் திருகில் எழுத்தெல்லாம் தேய்ந்து போயிருந்தது. அதனால் என்ன, என் விரலுக்கு எழுத்தா வேண்டும்?

எப்போது மாற்றுவது என்பதற்கு ஆளுக்கொரு நியாயம் வைத்திருந்தார்கள். திருநெல்வேலியில் கேமரா ரிப்பேர் பார்க்கிறவர், ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்று கணக்குப் பார்த்துவிட்டு, "இதோட ஆயுசு முடிஞ்சு வருஷமாச்சு. இப்பம் ஓடுறது போனஸ்" என்றார். தென்காசியில் வீடியோ எடுக்கும் அண்ணாச்சி ஒருவர் உண்டு. கேமரா வாடகைக்கும் விடுவார். அவர் நியாயம் வேறு. "படம் நல்லால்லன்னு கஸ்டமர் என்னைக்குச் சொல்லுதானோ, அன்னைக்கு மாத்து. அதுவரைக்கும் பொத்திக்கிட்டு வேலையப் பாரு." எனக்கு அண்ணாச்சியைப் பிடிக்கும். என் நியாயமும் கிட்டத்தட்ட அதுதான்: அதுவாக விழுந்து செத்தால் பார்த்துக்கொள்வோம்.

இதில் இன்னொரு விஷயமும் இருந்தது. புதுப் பாடிகளில் மெமரி கார்டு போட ரெண்டு பொந்து இருக்கும். எடுக்கிற படம் ஒரே நேரத்தில் ரெண்டிலும் பதியும். ஒன்று கெட்டாலும் இன்னொன்று இருக்கும். தொழில்காரர்கள் எல்லாம் இதைக் கடவுள் கொடுத்த வரம் என்பார்கள். எனக்கு அதைக் கேட்டாலே பயம். ஏன் என்று சொல்ல வேண்டும்.

ஆடி மாசம் எங்கள் ஆட்கள் வீட்டில் கல்யாணம் கிடையாது. சாரல் சீசனில் எனக்குச் சோறு போடுவது குற்றாலத்துக்கு வரும் புது ஜோடிகளும், வடகரை, கடையநல்லூர்ப் பக்கத்து முஸ்லிம் வீடுகளும்தான். அந்த வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் ஆண் போட்டோகிராபருக்கு அனுமதி இல்லை. அங்கே நான்தான். மாடிப்படி ஏறியதும் ஒரு பிளாஸ்டிக் அண்டா வைத்திருப்பார்கள். வருகிற பெண்கள் எல்லோரும் செல்போனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காவலுக்கு ரெண்டு பெரியம்மாக்கள். அண்டாவுக்குள் நாள் முழுக்க ஏதாவது ஒரு போன் பாடிக்கொண்டே கிடக்கும். உள்ளே நடமாடும் ஒரே கேமரா என்னுடையது.

அதனால் அங்கே ஒரு வழக்கம். சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் பெண்ணின் உம்மா முன்னால் போய் நிற்பேன். நாலு பேர் பார்க்க கேமராவைத் திறந்து, கார்டை உருவி, அவர் உள்ளங்கையில் வைப்பேன். "எங்கிட்ட ஒண்ணும் இல்ல" என்று சொல்ல வேண்டும். அவர் அதை முந்தானை நுனியில் முடிந்துகொள்வார். அதோடு சரி. பிரிண்ட் வேண்டுமென்றால் என் சின்ன பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போய், அவர்கள் கண் முன்னால் போட்டுக் கொடுப்பேன். கம்ப்யூட்டர் பக்கமே போகக் கூடாது. ரொம்ப வருஷத்துக்கு முன்னால் ஒரு வீட்டுப் படம், ரிப்பேருக்குப் போன கம்ப்யூட்டரிலிருந்து வெளியே போய் ஊர் சிரித்திருக்கிறது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. பத்து வருஷமாக அந்த வீடுகளில் என்னை உள்ளே விடுகிறார்கள் என்றால், அது என் படத்துக்காக இல்லை, அந்த ஒரு வார்த்தைக்காக. கேமராவுக்குள்ளேயே நகல் ஒன்று தங்கும் என்று தெரிந்தால் விடுவார்களா?

வடகரையில் ஒரு மைனி. அண்ணியை எங்கள் பக்கம் மைனி என்போம்; அப்படித்தான் நான் கூப்பிடுவேன். என்னைவிட ஏழெட்டு வயசு மூத்தவர். அவர் வீட்டுக்காரர், எனக்கு அண்ணன், வளைகுடாவில். மூத்த மகள் கல்யாணத்துக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை. நான் எடுத்த கார்டை மைனி அப்படியே தெரிந்தவர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். அங்கே அண்ணன் தன் ரூமில் டிவியில் போட்டு ரெண்டு தடவை பார்த்திருக்கிறார். அப்புறம் ரூம் மாறும்போது கார்டு தொலைந்துபோனது. ஒரு மாசம் சொல்லவே இல்லையாம். சொன்ன அன்றைக்குப் போனில் அழுதாராம். மூத்தவள் கல்யாணத்தில் பெண்கள் பக்கத்துப் படம் இன்றைக்கு ஒன்றுகூடக் கிடையாது.

போன வருஷம் ரெண்டாவது மகளுக்கு நிச்சயமானது. இந்தத் தடவையும் அவருக்கு லீவு இல்லை. எனக்குத் தேதி சொல்ல வந்த மைனி, காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே ரொம்ப நேரம் குடிக்காமல் இருந்தார்.

"இந்த மட்டம் கார்ட அனுப்ப மாட்டேன் பாத்துக்கோ. இங்கன கெடக்கட்டும். லீவுல வரும்போது பாத்துக்கிடட்டும்."

"லீவு எப்ப மைனி?"

"இன்னும் ஒண்ணற வருசம் ஆவும்."

"அண்ணன் என்ன சொன்னாவ?"

"சரின்னுட்டாவ. வேற என்ன சொல்லுவாவ?"

லேப்டாப்பில் ஏற்றி இன்னொரு கார்டில் மாற்றித் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "உன்ன நம்புதேன். அந்தப் பொட்டிய நம்ப மாட்டேன்" என்றுவிட்டார். மகள் கல்யாணத்தை அப்பன் பார்ப்பதா, அம்மா வைத்துக்கொள்வதா என்று ஒரு கார்டுக்காக அந்த வீட்டில் இப்படி ஒரு தீர்ப்பு. எனக்கு அன்றைக்கு முழுக்க மனசு சரியில்லை. மைனியைக் குறை சொல்லவும் முடியவில்லை.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ஐந்தருவியில் ஒரு புது ஜோடி. சீசன் கூட்டம் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே? எண்ணெய் தேய்த்துக்கொண்ட ஆம்பிளைகள் வரிசையாகச் சறுக்கிக்கொண்டு வருவார்கள். மிளகாய் பஜ்ஜிக் கடைக்கும் ஈரத்துண்டுக்கும் நடுவே காதல் காட்சி எடுக்க வேண்டும். கேமராவுக்கு லாட்ஜில் கொடுக்கும் ஷவர் தொப்பியை மாட்டியிருந்தேன். மாப்பிள்ளை ஒரு சினிமாப் பைத்தியம். "அக்கா, இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க. தண்ணி தெறிக்கது தெரியணும்" என்றான். கிட்டப் போனேன். "இன்னும் கொஞ்சம்" என்றான். போனேன். தண்ணீர் நன்றாகத் தெறித்தது. டக் என்று ஒரு சத்தம். அதோடு திரை கறுத்தது.

பேட்டரியைக் கழற்றினேன், துடைத்தேன், மாட்டினேன், திட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. வீட்டில் அரிசிப் பானைக்குள் ரெண்டு நாள் புதைத்து வைத்தேன். அதற்கும் மசியவில்லை. என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு துக்கம் காட்டினார் பாருங்கள், இழவு வீட்டில் சிரிப்பை அடக்குகிறவர் மாதிரி இருந்தது.

உடனே வாங்கும் நேரமா அது? அண்ணாச்சியிடம் வாடகைக்குக் கேட்டேன். புதுப் பாடி ஒன்றைக் கொடுத்தார். ரெண்டு கார்டு போடுகிறது. நான் என் கார்டை முதல் பொந்தில் போட்டேன். பக்கத்துப் பொந்தில் நான் போடாமல் என்ன இருக்கப்போகிறது என்று பார்க்கவே இல்லை. இருபது வருஷமாக ஒரே பொந்தைப் பார்த்துப் பழகிய கை. அது ஒரு தடவைதான் போகும்.

கல்யாணத்தன்று காலையில் மணமகள் அறையில் ஆரம்பித்தேன். கேமரா என்னமோ கையில் பஞ்சாக இருந்தது. ஆனால் சத்தமே வரவில்லை. முதல் அரைமணி நேரம் எனக்கு அது உறைக்கவில்லை; பெண்ணுக்கு ஊக்குக் குத்துவது, பூ வைப்பது என்று எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். அண்டாவுக்குக் காவல் இருந்த பெரியம்மாதான் பிடித்தார். மைனியின் அக்கா அவர்.

"ஏட்டி, எடுக்கியா இல்லியா?"

"எடுத்துட்டேன் பெரியம்மா."

"சத்தமே கேக்கலியே. நீ சும்மா கண்ண வச்சுப் பாத்துக்கிட்டு நிக்கே."

"இது சத்தம் போடாத கேமரா."

"சத்தம் போடாம எடுக்கது களவாணித்தனம்லா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், ஆனால் முக்காட்டையும் இழுத்துவிட்டுக்கொண்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. என் பழைய கேமராவின் டக் சத்தம் கேட்டால்தான் அவர்களுக்கு எடுத்தது தெரியும். அதற்குத் தகுந்தபடி நிற்கவோ விலகவோ செய்வார்கள். அது அவர்களுக்கு நான் கொடுக்கும் மரியாதை என்று அதுவரை எனக்கே தெரியாது. மெனுவுக்குள் புகுந்து தேடி, சத்தத்தை உச்சத்தில் வைத்தேன். அதற்கப்புறம் மைனி எனக்குச் சிக்கவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான். சத்தம் கேட்டதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு திரும்பிவிடுவார். மூத்தவள் கல்யாணத்திலும் அவர் முதுகைத்தான் விதவிதமாக எடுத்தேன்.

நெய்ச்சோறும் தால்சாவும் பரிமாறி முடிந்தது. நாலு பேர் முன்னால் கார்டை உருவி மைனி கையில் வைத்தேன். "எங்கிட்ட ஒண்ணும் இல்ல மைனி" என்றேன். அவர் முடிந்துகொண்டார். மூணரை மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டுக்காரர் அன்றைக்கு லீவு. புதுப் பாடியைக் கையில் வாங்கிப் பார்க்கத்தான் லீவு போட்டாரோ என்னவோ. மடியில் வைத்துத் தடவித் தடவி ஒவ்வொரு மூடியாகத் திறந்தார்.

"ஏளா, இதுல ஒண்ணு கெடக்கு."

"என்னது?"

"கார்டு. அண்ணாச்சிக்கு உள்ளதா இருக்கும். ரெண்டுலயும் பதியுத மாதிரில்லா வச்சிருக்காரு."

 அப்படியென்றால் கல்யாணம் முழுசும் அதில் இருக்கிறது. எங்கிட்ட ஒண்ணும் இல்ல என்று வாய் திறந்து சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் ஸ்கூட்டரில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். இவர் பார்க்காமல் இருந்திருந்தால் மறுநாள் கேமராவோடு அண்ணாச்சி கடைக்குப் போயிருக்கும். கேமராவை அவர் மடியிலிருந்து பிடுங்கினேன்.

"அழிச்சிரு. முடிஞ்சுபோச்சு. யாருக்குத் தெரியும்?" என்றார்.

அவர் சொன்னதும் நியாயம்தான். ரெண்டு பட்டன் அமுக்கினால் போதும். ஆனால் அழித்துவிட்டேன் என்பது எனக்கு மட்டும்தானே தெரியும்? அடுத்த கல்யாணத்தில் எந்த மூஞ்சியோடு அந்த வார்த்தையைச் சொல்வேன்? கார்டை உருவி எடுத்துக்கொண்டு மைனி வீட்டுக்குக் கிளம்பினேன்.

"நானும் வாரேன். சாரல்ல தனியாப் போகாத."

"போலீஸோட போய் எறங்கினா வெளங்கிரும். சும்மா இருங்க" என்று ஸ்கூட்டரைத் திருப்பினேன்.

வழி முழுக்கச் சாரல். வார்த்தைகளை அடுக்கி அடுக்கிப் பார்த்துக்கொண்டே போனேன்.  கூடத்தில் மைனியும் அவர் அக்காவும் வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். கார்டை நீட்டினேன்.

"மைனி, தப்பு நடந்துபோச்சு. வாடகைக் கேமரா. ரெண்டு கார்டுல பதிஞ்சிருக்கு. இது எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. நான் எதையும் போட்டுப் பாக்கல."

"பாத்தியா, நான் அப்பமே சொன்னேன்லா? சத்தம் வராத சாமானம் வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு" என்றார் அக்கா.

 மைனி முந்தானை முடிச்சை அவிழ்த்து முதல் கார்டை எடுத்தார். ரெண்டையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நான் வாசலிலேயே நின்றேன். இனி இந்த வீட்டுப் படி ஏற முடியாது என்றே நினைத்துவிட்டேன்.

"ரெண்டுலயும் ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான் மைனி."

"ஒரு படம் கூடக் கொறயாது?"

"கொறயாது. முத படத்துல இருந்து கடைசி வரைக்கும் அதே வரிசைதான்."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றை மட்டும் எடுத்து முந்தானையில் முடிந்தார். இன்னொன்றை அக்கா கையில் கொடுத்தார்.

"லாத்தா, ஒம் மருமவன் நாளைக்குத்தான போறான்? இத அவன்ட்ட குடு. அவுகளுக்கு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ரெண்டு பொந்து என்றாலே ஒன்றை ஒளித்துவைத்துக்கொள்வது என்றுதான் நான் நாலு வருஷமாகப் பயந்திருக்கிறேன். ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றையும் கொடுக்கலாம் என்று ஒரு நாளாவது தோன்றியதா? இல்லை. நனைந்த சேலையோடு நின்றவளைப் பார்த்து, "உள்ள வா, சோறு மிச்சம் கெடக்கு" என்றார் அக்கா. கோபம் போகவில்லை, சோறு மட்டும் நிறைய வைத்தார். அண்ணாச்சிக்கு வேறு கார்டு வாங்கிக் கொடுத்தேன்.

அக்காவின் மருமகன் புளியறை வழியாகத் திருவனந்தபுரம் போய் விமானம் ஏறினார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மைனி போன் பண்ணினார். "அவுக கைக்குக் கார்டு கெடச்சிட்டு. இங்கன டிவில போட்டுத் தா. அவுகளும் அங்கன போடுதாவளாம். ஒண்ணாப் பாக்கணும்னு சொல்லுதாவ."

அந்த மத்தியானத்தை நான் மறக்க மாட்டேன். கூடத்தில் டிவி, கார்டு ரீடர், ரிமோட் என் கையில். போனை ஸ்பீக்கரில் போட்டு வெற்றிலைத் தட்டில் சாய்த்து வைத்திருந்தார் மைனி. வீடியோ கால் வேண்டாமா என்றேன். போனிலிருந்து அண்ணன் சிரித்தார். "அது வேண்டாம் தங்கச்சி. இவ வீடியோ கால் போட்டா எனக்கு நெத்தியும் ஃபேனும்தான் தெரியும். மூணு வருசமா நான் அந்த ஃபேனத்தான் பாக்கேன்."

"ரெடியா?" என்பார் அவர். "ரெடி" என்பார் மைனி. ரெண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் பட்டன் அமுக்குவோம். ஒவ்வொரு படத்துக்கும் விசாரணை. இது யாரு மக, அவ எதுக்கு இப்படி மெலிஞ்சுட்டா, இந்தச் செயின் எப்ப எடுத்தது. ஸ்டேஷனில் என் வீட்டுக்காரர்கூட இவ்வளவு கேள்வி கேட்டிருக்க மாட்டார்.

இருபதாவது படமோ என்னவோ. மணமகள் அறை, சத்தம் வராத அந்த முதல் அரைமணி நேரம். மகள் ஏதோ சொல்லியிருக்கிறாள். கையில் ஊக்கோடு மைனி தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து, அப்படி ஒரு சிரிப்பு. மேல் வரிசையில் முன்பல் ஒன்று இல்லை.

மைனி சட்டென்று முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனார், டிவிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டே. "ஏட்டி, இத எப்ப எடுத்தே? அடுத்ததுக்குப் போ."

"போகாத. அங்கனயே நிப்பாட்டு" என்றது போன்.

நான் நிறுத்தினேன். 

"பல்லு எப்பம் போச்சு?"

மைனி முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"உன்னத்தான் கேக்கேன். பல்லு எப்பம் போச்சு?"

"போன நோம்புக்கு முந்தி."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"பல்லு போனதெல்லாம் ஒரு விசயமா? அங்கன கெடந்து வேலை பாக்குத மனுசன்ட்ட இதப்போயி சொல்லுவாவளா?"

 அந்த நேரத்தில்தான், ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த நேரத்தில்தான், பழைய பாடியைத் தலைமுழுகிவிடுவது என்று முடிவு செய்தேன். முப்பது படமும் வேண்டாம், இருட்டும் வேண்டாம். ரெண்டு கார்டு போட்டால் போதும்.

மைனி என் பக்கம் திரும்பி, முந்தானைக்குள்ளிருந்தே மெதுவாகச் சொன்னார்.

"அத அழிச்சிரு ஏட்டி. அசிங்கமா இருக்கு."

மெதுவாகச் சொன்னதும் போனுக்குக் கேட்டுவிட்டது.

"அங்கன உள்ளத அழிச்சா அழிச்சுக்கோ," என்றார் அண்ணன். "இங்கன உள்ளது எங் கையில இருக்கு."

மைனி முந்தானையை எடுத்துவிட்டார். அடுத்த படத்துக்குப் போகச் சொல்லி ரெண்டு பேரும் வெகுநேரம் சொல்லவில்லை.